சாபத்துக்குப் பூ வைத்த வீடு

ஆடிக்கொண்டிருக்கிறது அந்த ரிசீவர், பிரசவ ஆஸ்பத்திரியின் மேசை விளிம்பிலிருந்து தலைகீழாக, சுருள் சுருளான கறுப்பு வயரில், பிடிப்பாரும் இல்லாமல் எடுத்து வைப்பாரும் இல்லாமல், இடமும் வலமுமாக, அதன் சல்லடை வாய்க்குள் நான்கு கிழவர்கள் அடைபட்டிருக்கிறார்கள், மூன்று பேர் எருசலேமில், ஒருவர் நியூயார்க்கில், நால்வருக்கும் மார்பு வரை தாடி, காதோரம் இதே வயரைப் போலச் சுருண்டு தொங்கும் முடி, நால்வரும் ஒரே குரலில் மும்முறை கத்தியதில் என் வலது கைமேல் குந்தியிருந்த இருநூறு வருஷத்துச் சாபம் டெலிபோன் கம்பி வழியாகவே இறங்கி ஓடி வங்காள விரிகுடாவில் விழுந்தது, மறுநாள் காலையில் கரையோரம் மீன்கள் செத்து மிதந்தன, உலகத்திலேயே டெலிபோனில் சாபம் இறக்கப்பட்ட ஒரே மனிதன் நான்தான் என்று சொல்லி முடிக்கிறேன், எதிர் பெஞ்சில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மருமகளுக்காகக் காத்திருக்கிற அம்மாள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள், நெசமாவா சார், என்கிறாள், நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மச்சான் கலிவரதன், ரீலும்மா, நம்பாத, எங்க அக்கா புருசன்தான், இருபத்தேழு வருசமா இந்தப் படத்த ஓட்டுறாரு, மீனு செத்தது மட்டும் இன்னிக்குப் புதுசா சேத்திருக்காரு, என்கிறான்.

பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும், பேச்சு வந்தால் பொய்யும் கொஞ்சம் கூடவே வரும், ஓய்வு பெற்றவனிடம் வேறென்ன இருக்கிறது, அந்த வெள்ளைக் கதவுக்கு அப்பால் என் பேத்தி இளவெயினி இருக்கிறாள், விடியற்காலையில் வலி கண்டவள், இப்போது வெளியே வெயில் சாய்ந்துவிட்டது, குழந்த திரும்பல தாத்தா, டாக்டர் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க, என்று சொல்லிவிட்டுப் போன நர்ஸ் அதற்குப் பிறகு என் கண்ணைப் பார்க்காமலே கடந்து கடந்து போகிறாள், சுவருக்குத்தான் புதுப் பெயிண்ட், கட்டடம் இதேதான், இதே கதவுக்கு அப்பால்தான் அன்று இளவெயினியின் அம்மா, என் மகள் கோமளா, கிடந்தாள், இன்று கோமளா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதே அறைக்குள் நிற்கிறாள், அன்றும் வெள்ளிக்கிழமை, இன்றும் வெள்ளிக்கிழமை, நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே அந்தப் போன், அது வந்ததா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டால் எனக்கே தெரியாது, இதை இந்த அம்மாளிடம் சொல்ல முடியாது, வரவில்லை என்றால் அந்தச் சாபம் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது, முழங்கால்மேல் நடுங்கிக்கொண்டிருக்கிற இந்தக் கையில், இதன் வித்தில், அந்த வித்தின் வித்தில்.

வைசியாள் வீதியில் மாடியில் இருந்தது எங்கள் அச்சுக்கோப்புக் கூடம், ஈய எழுத்தெல்லாம் போய்க் கம்ப்யூட்டர் வந்த காலம், முதலாளி ஞானப்பிரகாசம், புதுச்சேரி வழக்கப்படி எங்களுக்கு அவர் முசே, பிரெஞ்சுப் புத்தகம், ஜெர்மன் புத்தகம், மீன்களின் ஈரலைப் பற்றிய புத்தகம், எது வந்தாலும் கோத்துக் கொடுப்போம், பாஷை தெரிய வேண்டியதில்லை, ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு வேறுபடுகிற இடத்தில் மினுக்கும், அங்கே கண்ணை வைத்துத் திருத்தினால் போதும், அப்படித்தான் எபிரேயமும் வந்து சேர்ந்தது, யூதர்களின் வேத பாஷை, வலமிருந்து இடமாக ஓடுவது, அடிக்கிற பெண்களில் மூத்தவள் ஃபிலோமினாதான் எழுத்துகளுக்குப் பெயர் வைத்தாள், மூன்று திரி விளக்கு, கொக்கு, கவட்டை, கொசு, மெதுவடை, பாதிக்கதவு, ஒரே மாதத்தில் கூடம் முழுக்க அந்தப் பாஷையில்தான் பேசியது, யக்கா, கொக்குக்கு முன்னாடி கொசுவ வுட்டுட்ட, என்று ஒருத்தி கத்துவாள், அது கொசு இல்லடி, பழைய தாள்ல பூச்சி இருந்த கறை, என்பாள் ஃபிலோமினா, பக்கங்களைச் சரிபார்க்கும் பகுதிக்கு நான் தலைவன், ஆறே வாரத்தில் மோசேயைவிட வேகமாக எபிரேயம் அடித்தேன், சினாய் மலையில் என்னை உட்கார வைத்திருந்தால் நாற்பது நாள் வேலையை நாலு நாளில் முடித்திருப்பேன்.

வேலையை அனுப்பியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிற ரபி ஃபிஷெல், ரபி என்றால் யூத மதகுரு, அதிலும் இவர் ஹசீதியர் என்ற பிரிவு, கொளுத்துகிற வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர்கள், அவருடைய பாட்டனாரின் பாட்டனார் போலந்துப் பக்கம் ஏதோ சின்ன ஊரில் எழுதிய வேத உரை அது, ஒரே ஒரு முறை அச்சாகி, பிறகு போரில் ஊரும் எரிந்து, ஊர்க்காரர்களும் எரிந்து, மிஞ்சியது நாலைந்து பிரதி, அதை மறுபடி அச்சில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று உட்கார்ந்திருந்த கிழவர், பக்கத்தின் நடுவில் மூலம், சுற்றிலும் உரை, அதைச் சுற்றி உரைக்கு உரை, நம் ஆட்களைப் போலவேதான், யாரும் யாரையும் சும்மா விடுவதில்லை, முதல் பக்கத்தை மட்டும் நான் எவரிடமும் கொடுக்கவில்லை, இரண்டு பக்கமும் தூண், தூணில் கொடி, மேலே கிரீடம், நடுவில் பெரிய எழுத்தில் ஒரு பத்தி, மூன்று திரி விளக்குகள் வரிசையாக எரிவதைப் போல இருக்கும், என் கையாலேயே கோத்தேன், என் கண்ணாலேயே திருத்தினேன், ஒரு கொசுகூடத் தவறவில்லை, அழகு தாங்காமல் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டேன், எந்தச் சாமியா இருந்தா இன்னாங்க, வேதந்தானே, என்றாள் வேதவல்லி, என் மனைவி, பூஜை மாடத்தில் வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் மாட்டிக் குங்குமம் இட்டு முல்லைச் சரம் சாத்தினாள், தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த கோமளா, இரண்டு தடவை கலைந்து மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தவள், காலையில் தலைக்கு ஊற்றி வந்து ஈரக்கூந்தலோடு அந்தப் பக்கத்தின் முன்னால் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிற்பாள், கண்ணை மூடினால் இப்போதும் நிற்கிறாள், கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கற்பூரம் எரிகிறது, அவள் உதடு எதையோ வேண்டிக்கொள்கிறது, வேண்டாம் வேண்டாம் என்று நான் கனவுக்குள் கத்துகிறேன், சத்தம் வருவதில்லை.

ஃபாக்ஸ் மெஷினிலிருந்து அந்தத் தாள் நாக்கு நீள்வது போல நீண்டது, பேனா எழுத்து பெரிது பெரிதாக, இங்கிலீஷில், எருசலேமிலிருந்து, அனுப்பியவர் ரபி யெருஹாம், ஃபிஷெலின் பெரியப்பா வழி அண்ணன், பாட்டனாரின் பாட்டனாருக்கு மூத்த கிளை வாரிசு, என் மூதாதையின் நூலைப் புதுச்சேரியில் கோத்துக்கொண்டிருக்கும் கைக்கு, என்றுதான் தொடங்கியது, பெயர் இல்லை, ஐயா இல்லை, கை, நான் வெளியே சொல்லும்போது பண்டிதருக்கு என்று தொடங்கியதாகத்தான் சொல்வேன், ஒரு முழு மனுஷனைக் கை என்று கூப்பிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது, வேதவல்லியிடம்கூடச் சொன்னதில்லை, மச்சானிடம் சொல்லியிருந்தால் ஆயுசு பூரா அந்தப் பெயராலேயே கூப்பிட்டிருப்பான், நிறுத்து, என்றது கடிதம், என் தம்பி என்னைக் கேட்காமல் அனுப்பியிருக்கிறான், நீ கோத்த முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன் கேள், எல்லா வாரிசுகளும் சம்மதிக்காமல் இந்த நூலை மறுபடி கோக்கும் கை வாடட்டும், அதன் வித்து வெளிச்சத்தைப் பார்க்காமல் போகட்டும், இது சபையில் மெழுகுவர்த்தியை அணைத்து இட்ட சாபம், திருட்டுப் பதிப்பைத் தடுக்க அந்தக் காலத்தில் எங்கள் நூல்களின் முகப்பில் இப்படி அச்சிடுவது வழக்கம், அத்தோடு கடிதம் முடிந்தது, என் மேலான சாபத்தை நானே கோத்து, நானே பிழைதிருத்தி, நானே கண்ணாடி போட்டு, என் பெண்டாட்டியைக் கொண்டு பூ வைத்திருக்கிறேன், உலகத்தில் எந்த முட்டாளும் செய்யாத காரியம்.

அழிச்சிடலாம் முசே, என்றேன், சுட்டுவிரலை அழிக்கிற விசையின் மேல் வைத்துவிட்டேன், ஃபிலோமினா பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள், ஐயோ, வேணாம்ண்ணா, அதுல ஆண்டவர் பேரு இருக்கும், என்று சிலுவை போட்டாள், அவள் சொல்லி வாய் மூடவில்லை, எருசலேமிலிருந்து இரண்டாவது ஃபாக்ஸ், கை எதையும் அழித்துவிட வேண்டாம், இறைவனின் பெயர் அதில் இருக்கிறது, எழுதப்பட்ட பெயரை அழிப்பதும் எரிப்பதும் எங்களுக்குப் பெரிய குற்றம், தேவையில்லாத தாளை மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும், வைத்திருந்தாலும் ஆபத்து, அழித்தாலும் ஆபத்து, முசே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நமக்கு எதுக்குப்பா ரெண்டு பக்கத்துச் சாமியும், அந்த அமெரிக்காக்காரருக்கே எழுதிக் கேளு, என்றார், எழுதினேன், புரூக்ளினிலிருந்து டைப் அடித்த பதில் வந்தது, கை பயப்பட வேண்டாம், சாபம் அச்சிடச் சொன்னவனைத்தான் சேரும், கை வெறும் கருவி, சுத்தியலைப் போல, இதை எருசலேமுக்குத் தெரியப்படுத்தவும், அப்போதுதான் புரிந்தது, அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது, ஒருவருக்கொருவர் நேராக எழுத மாட்டார்கள், எனக்கு எழுதுவார்கள், நான் மற்றவருக்கு அனுப்ப வேண்டும், இப்படியாக இரண்டு ஹசீதிய ரபிகளுக்கு நடுவே புதுச்சேரியில் ஒரு தபால் நிலையம் திறந்தது, முத்திரை குத்துகிறவன் நான், குத்துப்படுகிறவனும் நான்.

சுத்தியல் மத்தியானம் சாப்பிடப் போவதில்லை, கை போகிறது, வீட்டில் அதற்குப் பிள்ளைகள் இருப்பார்கள், என்று எழுதினார் யெருஹாம், அந்தக் கைக்கு நம் பாஷை தெரியாது, தெரியாமல் செய்தது கணக்கில் சேராது, இது ஃபிஷெல், நெருப்பில் விரலை வைத்தவனிடம் நெருப்பு பாஷை கேட்பதில்லை, இது யெருஹாம், அண்ணனுக்கு இந்தக் காலம் தெரியாது, அங்கே ஈயமும் இல்லை மையும் இல்லை, கண்ணாடித் திரையில் வெறும் வெளிச்சம், வெளிச்சத்தைக் கோத்தால் கோத்ததாகுமா, இது ஃபிஷெல், அந்த வெளிச்சத்தை வாசிக்க முடிகிறதா என்று கையைக் கேள், முடிகிறது என்றால் அது எழுத்துதான், இது யெருஹாம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பழைய நூல்களிலிருந்து ஆதாரம், எத்தனையாம் அதிகாரம், எத்தனையாம் பத்தி, தாள் தாளாக, என் உயிரை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு மகா பண்டிதர்கள் கோலிக்குண்டு ஆடினார்கள், எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அடுத்த தாள் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது, சண்டையின் வேர் எது என்பதும் அந்தத் தாள்களிலேயே தெரிந்தது, பழைய பதிப்பில் எந்தப் பக்கம் எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிகிறதோ அப்படியே இருக்க வேண்டும், என்று யெருஹாம், எரிந்து போனவர்கள் அந்தப் பக்கத்தை அப்படித்தான் மனப்பாடமாகச் சுமந்துகொண்டு போனார்கள், ஒரு சொல் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தாலும் அவர்களுக்கு இடம் தெரியாமல் போய்விடும், ஃபிஷெலோ, போனவர்களுக்குக் கண் இருக்கிறது அண்ணா, மிஞ்சியிருக்கிற எங்களுக்குத்தான் கண் தெரியவில்லை, எங்களுக்குப் பெரிய எழுத்து வேண்டும், பெரிய எழுத்து வைத்தால் பக்கம் நகரத்தான் செய்யும், என்று, இரண்டையும் படித்துவிட்டு நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியாமல் ஃபாக்ஸ் மெஷினின் மேல் தலை சாய்த்து அழுதிருக்கிறேன், இது பொய்யில்லை, ஃபிலோமினா டீ வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் என்ன சொல்வது, கண்ணாடி கீறிடுச்சு, மாத்தணும், என்று சொல்லிப் பூச்சரத்தோடு கழற்றினேன், எப்பங்க திரும்பி வரும், கோமளா கேப்பாளே, என்றாள் வேதவல்லி, ஃபாக்ஸில் சொன்னபடி வெள்ளைத் துணியில் சுற்றி, புழக்கடையில் தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டி அடக்கம் செய்தேன், அந்தத் தென்னை அன்றிலிருந்து வலமிருந்து இடமாகத்தான் காய்க்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள், வெட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான் கலிவரதன், மின்வாரியத்தில் வேலை, பெயரில் பெருமாள், சட்டை கறுப்பு, பகுத்தறிவுக் கூட்டமென்றால் முதல் நாற்காலி, இன்னா மாமா, பொதையலா, என்றான், யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது, கை என்று எழுதியதைத் தவிர எல்லாவற்றையும் கொட்டினேன், அவன் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன, கறுப்புக் கோட்டு போட்டவன் சொன்னா சாபமா, நானும் கறுப்புதான், எந்த ஊருச் சாபமா இருந்தாலும் நான் அவுத்துட்டேன் போ, போய்க் கை கழுவிட்டு வா, சாப்புடலாம், என்றான், பிறகு குரலைத் தாழ்த்தி, கோமளாவுக்குத் தெரிய வேணாம் மாமா, என்றான், அந்தக் குரலில் மட்டும் சிரிப்பு இல்லை.

மார்கழி வெள்ளிக்கிழமை காலையில் கோமளாவுக்கு வலி எடுத்தது, மத்தியானத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, புள்ள கால மடிச்சு உக்காந்திருக்கு, ரத்தமும் போய்க்கிட்டிருக்கு, என்றார், வேதவல்லியை அங்கேயே விட்டுவிட்டு நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன், மிஷன் வீதியில் போலீஸ்காரர் நீட்டிய கையை ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு தாண்டினேன், முதன்முறையாக ஒரே தாளை இரண்டு பேருக்கும் அனுப்பினேன், என் மகள் பிரசவ அறையில் இருக்கிறாள், உங்கள் வாதம் முடிந்ததா, தயவு செய்து கையை விட்டுவிடுங்கள், ஆஸ்பத்திரி டெலிபோன் எண் இது, நீளமாக எழுத வரவில்லை, மெஷினின் முன்னால் நிற்கிறேன், முசே நிற்கிறார், ஃபிலோமினா ஜெபமாலையை உருட்டுகிறாள், கிறீச்சென்று தாள் வருகிறது, யெருஹாம், தாயின் பெயர் என்ன, உடனே சொல், நாங்கள் ஒருவருக்காக வேண்டிக்கொள்ளும்போது தகப்பன் பெயரைச் சொல்வதில்லை, அம்மாவின் பெயரைத்தான் சொல்வோம், இன்று ஓய்வுநாள் பிறக்கிறது, இங்கே சூரியன் இறங்கிவிட்டால் நாளை இரவு வரை நாங்கள் டெலிபோனைத் தொடமாட்டோம், அதற்குள் நான் இன்னும் இரண்டு பேரை உட்காரவைத்து மூவராகச் சாபக்கட்டை அவிழ்க்கிறேன், என் தம்பியும் வாரிசு, அவனும் கம்பியில் இருக்க வேண்டும், கை போனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கோமளா, வேதவல்லியின் மகள், என்று எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பி ஓடுகிறேன், நம் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதே சூரியன்தான் அங்கேயும் கொஞ்சம் தாமதமாக இறங்கப் போகிறது, இறங்காதே இறங்காதே என்று அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே மொபெட் ஓட்டிய ஒரே ஆளும் நான்தான்.

மேசைக்குப் பக்கத்தில் நின்றேன், கறுப்புப் போன், சுருள் வயர், அடிக்கவில்லை, கூட வந்து நின்ற கலிவரதன், இன்னா மாமா, எருசலேமா, என்று கேலி செய்யப் பார்த்தான், பாதியிலேயே கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான், ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிகிறது, அப்போது உள்ளிருந்து நர்ஸ் ஓடிவந்து, கோமளா அப்பா யாரு, உங்க குரூப்புதானே, ரத்தம் குடுக்கணும், வாங்க, என்றாள், போனைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், கால் எந்தப் பக்கம் திரும்பும், உள்ளே போனேன், வலது கையை நீட்டிப் படுத்தேன், அந்தக் கைதான், ஊசி இறங்கியது, கை அங்கே இருக்க வேண்டுமே, கை இங்கே இருக்கிறதே என்று கூரையைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருக்கையில், எங்கோ தூரத்தில், அடித்ததா, அடித்தது போலத்தான் இருந்தது, தண்ணீருக்கு அடியில் அடிப்பதைப் போல, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறேன், ரிசீவர் தொங்கி ஆடிக்கொண்டிருக்கிறது, கலிவரதன் மேசையிலிருந்து நாலடி தள்ளிச் சுவரோடு ஒட்டி நிற்கிறான், மச்சான், யாரு, என்கிறேன், ராங் நம்பரு மாமா, என்கிறான், அதை எடுத்துக் காதில் வைத்தால் கடல் இரைச்சல் மட்டும், அந்த இரைச்சலுக்குள்ளேயே, கதவுக்கு அப்பால், இளவெயினி முதல் தடவையாக அழுதாள்.

எழுதிக் கேட்டிருக்கலாம், திங்கட்கிழமையே ஃபிஷெல் ஃபாக்ஸ் அனுப்பியிருந்தார், அண்ணன் சம்மதித்துவிட்டார், பக்கங்கள் பழையபடியே தொடங்கிப் பழையபடியே முடியட்டும், எழுத்தும் பெரிதாக இருக்கட்டும், தாள் எவ்வளவு பெரிதானாலும் சரி, என்று, புத்தகம் கதவு அளவுக்கு வந்தது, சம்மதம் கிடைத்தது தெரிகிறது, கட்டு அவிழ்ந்ததா என்பதைத்தான் கேட்க வேண்டும், பேனாவை எடுப்பேன், போன் செய்தோம், கை எடுக்கவில்லை, சூரியன் இறங்கிவிட்டது, என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வேன், மூடி வைத்துவிடுவேன், பிறகு ஒரு வருஷம் ஃபிஷெல் போனார், மூன்றாம் வருஷம் யெருஹாம், கேட்க ஆள் இல்லாமல் போனதும்தான் நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன், நானே எடுத்தேன், நானே கேட்டேன், நால்வரும் கத்தினார்கள், சொல்லச் சொல்ல அது நடந்தது போலவே ஆனது, கல்யாணத்தில் சொன்னேன், கருமாதியில் சொன்னேன், வேதவல்லி கண்ணை மூடுவதற்கு முதல் நாளும் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள், எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் கலிவரதன் எங்கிருந்தோ, ரீலு, என்பான், அந்த ஒரு சொல் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு படி இடிந்து விழும், வெளியே சிரிப்பேன்.

இப்போதும் அந்த வெள்ளைக் கதவு திறந்து மூடுகிறது, ரெண்டு யூனிட் ரத்தம் எடுத்து வையுங்க, என்று உள்ளே யாரோ சொல்வது கேட்கிறது, என் கை தானாக எழுகிறது, நான் குடுக்கறேம்மா, என்கிறேன், உக்காரு தாத்தா, பேங்க்ல இருக்கு, ஒனக்கு என்னா வயசு, என்று நர்ஸ் போகிறாள், கை கீழே இறங்க மாட்டேன் என்கிறது, காற்றில் ஆடுகிறது, இடமும் வலமுமாக, மச்சான், நான் ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு, அன்னிக்கு அந்தப் போன்ல ஒண்ணுமே இல்லையா, இல்லன்னா இல்லன்னு சொல்லு, இந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கைதான், என்கிறேன், கலிவரதன் என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்க்கிறான், கறுப்புச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போடுகிறான், அப்புறம் காற்றில் ஆடிக்கொண்டிருந்த என் கையை எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறான், அவன் என்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று, முதல்ல ஒரு கெழவன் இங்கிலீஷ்ல கேட்டான் மாமா, என்கிறான், கை இருக்கா, கை பக்கத்துல இருக்கான்னு கேட்டான், எனக்கு ஒண்ணும் வெளங்கல, கை உள்ள ரத்தம் குடுத்துக்கிட்டிருக்குன்னு சொன்னேன், அந்தப் பக்கம் ரெண்டு பேரு, நீ சொல்லு நீ சொல்லுன்னு அவங்க பாஷையில சண்ட புடிச்சாப்புல இருந்துச்சு, அப்புறம் ஒருத்தன் அழுதான், அழுதுக்கிட்டே எங்க அக்கா பேரச் சொன்னான், கோமளா, வேடவாலின்னு ஒடச்சு ஒடச்சு, எங்க அக்கா பேரு அவன் வாயில எப்புடி மாமா வரும், அப்புறம் எல்லாரும் சேந்து ஏதோ ஒண்ணு, ஒரே சொல்லு, மூணு தடவ, நான் எண்ணுனேன், கை ஒதறல் எடுத்துப் போனு நழுவிடுச்சு.

கை என்றானா, என்று கேட்கிறேன், கைன்னுதான் கேட்டான், என்கிறான், யாரிடமும் சொல்லாத சொல், என் வாயிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் விழாத சொல், அப்புறம் ஏன்டா ராங் நம்பருன்னு சொன்ன பாவி, என்கிறேன், அந்த வாரந்தான் பெரிய மார்க்கெட்டாண்ட மேடையில ஏறி மூடநம்பிக்கையக் கிழிகிழின்னு கிழிச்சிருந்தேன், வாய்க்கு வந்தத சொல்லிட்டேன், அப்புறம் எங்க மாத்துறது, நீ வேற வருசா வருசம் கடலு, அலைன்னு ஏத்திக்கிட்டே போன, நான் எதுன்னு ஒத்துக்கறது, என்கிறான், எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, அந்த மேசை எனக்குத் தெரிகிறது, கறுப்புப் போன், சுருள் வயர், ரிசீவர் தொங்கவில்லை, ஒரு கறுப்புச் சட்டைக் கை அதைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது, வயர் அவன் காதோரத்திலிருந்து சுருள் சுருளாக இறங்குகிறது, தாடி ஒன்றுதான் குறை, எருசலேமில் சூரியன் கூரை விளிம்பில் காத்துக்கொண்டு நிற்கிறது, இங்கே யாரோ விளக்குப் போடுகிறார்கள், நீள வராந்தா முழுவதும் வரிசையாக எரிகிறது, அந்த முதல் பக்கத்தைப் போல, என் கை அவன் மடியில் அசையாமல் கிடக்கிறது, வெள்ளைக் கதவுக்கு அப்பாலிருந்து அழுகை, மெல்ல, பிறகு ஊரைக் கூட்டுகிறாற்போல, எங்களூர் மீன்காரியைப் போல, கோமளா கதவைத் திறந்து, அப்பா, மாமா, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, என்கிறாள், நான் துள்ளி எழுந்து எதிர் பெஞ்சைப் பார்த்து, பாத்தீங்களாம்மா, நாலு கிழவங்க, மூணு தடவ, வங்காள விரிகுடாவே கொதிச்சுது, திமிங்கிலமே ஒதுங்குச்சு, என்கிறேன், ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்க்கிறாள், ஏங்க, நீங்க சொல்லுங்க, நெசமாவே அப்படி ஒரு போன் வந்துச்சா, என்கிறாள், கலிவரதன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வராந்தாவில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மேடையில் பேசுகிற அந்தக் குரலில், திமிங்கிலம் ரீலும்மா, போன் வந்துச்சு, நான்தான் எடுத்தேன், என்கிறான்.